கையெழுத்திடும் நாளில் உள்ளபடி

ஜனவரி 11

கடுகின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். 'சாப்பிட்டாச்சா' என்று ஆரம்பித்து 'முதல்ல போனை வைங்க' என்று முடியும். அதனால்தானே போனே வேண்டாம், எதுவானாலும் எழுதிக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். நாம் இருவரும் சண்டை போடாமல் எடுத்த ஒரே முடிவு அது. அதையாவது காப்பாற்றுவோம்.

விஷயத்துக்கு வருகிறேன். கடுகுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவளே உங்களுக்குப் போன் செய்து கத்தியிருப்பாள். அவள் ஆசைப்பட்ட நிலவியல்தான். ஒரு கல்லைக் கையில் எடுத்து அதன் வயதைச் சொல்வார்களாம். "கல்லைப் பாக்கறதுக்கு நாலு வருஷமாடி?" என்று கேட்டேன். "நீயும் அப்பாவும் நாலு வருஷமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்க. அதுக்கு இது எவ்வளவோ உருப்படியான வேலைம்மா" என்கிறாள். வாய் அப்படியே உங்களுடையது.

கட்டணம் நமக்கு எட்டாது. கல்லூரியே உதவித்தொகை தருகிறது. குடும்பத்தின் வரி விவரத்தைப் பார்த்துத்தான் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். குறித்த நாளுக்குள் அது முடிவாகாவிட்டால் இவள் இடத்தை வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இதனுடன் உங்கள் பக்கத்தை வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒரு பக்கம். தொழில், வரி எண் இரண்டையும் எழுதி, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும். மிச்சத்தை அவர்களே வருமான வரி அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இருவரில் ஒருவர் சம்மதம் இல்லையென்றாலும் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்களாம். கீழே ஒரு கேள்வி இருக்கிறது: பெற்றோர் சேர்ந்து வாழ்கிறார்களா, பிரிந்து வாழ்கிறார்களா? சேர்ந்து என்றால் இருவர் வருமானத்தையும் கூட்டுவார்கள், உதவி குறையும். பிரிந்து என்றால் பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவருடைய வருமானம் மட்டும்தான் கணக்கு. 'கையெழுத்திடும் நாளில் உள்ளபடி எழுதவும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளபடி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

என் பக்கத்தை அனுப்பிவிட்டேன். உங்களுடையதை நேராகக் கல்லூரி உதவி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வழக்கம்போல 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சட்டைப்பையில் வைத்து, சட்டையோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டுவிடாதீர்கள்.

கடுகின் அம்மா


ஜனவரி 20

அன்புள்ள,

இதற்குப் பக்கத்தில் என்ன போடுவது என்று வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

பக்கத்தை நிரப்பி அனுப்பியாயிற்று. சட்டைப்பையில் வைக்கவில்லை. வாங்கிய கையோடு தபால் நிலையத்துக்குப் போய், அங்கேயே நின்று எழுதி, ரசீதும் வாங்கிவிட்டேன். நீ நம்ப மாட்டாய் என்று ரசீதை இதனுடன் வைத்திருக்கிறேன்.

கடுகு போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்டை ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே நிறுத்தி, அதன் கூரைமேல் உட்கார்ந்து கேபிளுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போட்ட கூச்சல் கீழே லிஃப்ட் குழியின் அடி வரைக்கும் போய் எதிரொலித்தது. ஆறாம் மாடியில் காத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், உள்ளே யாரோ மாட்டிக்கொண்டு அலறுகிறார்கள் என்று அலாரத்தை அழுத்திவிட்டார். "உள்ளே யாரும் மாட்டிக்கலைங்க. என் பொண்ணுக்குக் காலேஜ் கெடைச்சிருக்கு" என்று அங்கிருந்தே சொன்னேன். "அதுக்கு எதுக்குய்யா லிஃப்ட நிறுத்தினே?" என்றார். நான் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். லிஃப்டின் கூரைமேல் இருப்பவனை யாரும் பார்க்க முடியாது, அதில் அப்படி ஒரு வசதி.

எத்தனை மாடி ஏறி இறங்கினாலும் என் அறை தரைத்தளத்தில்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரர் கடை வைத்திருக்கிறார். காலையில் மெஷின் சத்தம் கேட்டுத்தான் விழிக்கிறேன். கண்ணைத் திறப்பதற்கு முன் ஒரு நொடி, நம் வீடு என்றே நினைத்துவிடுகிறேன். அப்புறம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். நீ மிதித்தால் தையல் ஒரே சீராக ஓடி, துணி முனையில் பூப்போல நிற்கும். அந்த மனிதர் தடதடவென்று துரத்திக்கொண்டு போகிறார்.

சட்டையில் ஏதாவது கழன்று விழுந்தால் அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. விழுந்த பொத்தான்களை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நீலச் சட்டையில் பாதிக்குமேல் இல்லை, மேலே ஸ்வெட்டர் போட்டுச் சமாளிக்கிறேன். பொத்தான் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அந்த வார்த்தையை உன்னிடம் எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் நீ வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துவிடுவாய். இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கடுகின் அப்பா


பிப்ரவரி 16

கடுகின் அப்பாவுக்கு,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறீர்கள்?

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'பெற்றோர் இருவரின் பதில்களும் ஒத்துப்போகவில்லை.' உங்கள் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். 'சேர்ந்து வாழ்கிறோம்' என்ற கட்டத்தில், தாளே கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு குறி! 

எங்கே சேர்ந்து வாழ்கிறோம்? எந்த வீட்டில்? உங்கள் பல் தேய்க்கிற பிரஷ்கூட இங்கே இல்லை. நாலு வருஷத்தில் இரண்டு தடவை வந்தீர்கள், இரண்டும் கடுகின் பள்ளி விழாவுக்கு. கையில் ஒரு சின்னப் பை. லாட்ஜில் அறை எடுத்துக் குளித்துவிட்டு, விழா அரங்கில் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்று ஒன்றுவிட்ட மாமா மாதிரி கேட்டீர்கள். நானும் "ம், இருக்கேன்" என்றேன். இதற்குப் பெயர் சேர்ந்து வாழ்வதா?

பொத்தானைப் பற்றி எழுதப் பேனா நின்றுவிட்டதாம். அன்றைக்கு வாய் நிற்கவில்லையே! உங்கள் கம்பெனி இந்த ஊர்க் கிளையை மூடியது என் தப்பா? கடைக்குள் வந்து, கால்சட்டையைச் சரிசெய்யக் கொண்டுவந்த கணக்கு டீச்சர் அங்கே நிற்கும்போதே, "பொத்தான் தைக்கிற கடைதானே இது? எந்த ஊர்ல வேணாலும் வச்சுக்கலாம். மூடிட்டுக் கிளம்பு" என்றீர்கள். ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு நான் எழுப்பிய கடை. "உங்க லிஃப்ட் மேலயும் கீழயும்தானே போகுது, அதுக்கு இவ்வளவு பெருமையா? போறதுன்னா போங்க" என்று நானும் சொன்னேன். மறுநாள் அந்தப் பெரிய பெட்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டீர்கள். ஒரு சக்கரம் உடைந்த பெட்டி. தெருவைத் தாண்டும்வரை கடகடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது சண்டைக்கு நேரமில்லை. திருத்தத் தாள் இரண்டு வந்திருக்கிறது. உங்களுடையதை இதனுடன் வைத்திருக்கிறேன். 'பிரிந்து' என்று மாற்றி உடனே அனுப்புங்கள். இந்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். என்னுடையதை எதையும் மாற்றாமல் அனுப்பப்போகிறேன்.

கடுகு தாள்களைப் பார்த்தாள். "நான் வேணா அனாதைன்னு போட்டுடட்டுமா? ஒரே கையெழுத்துல முடிஞ்சிடும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தாங்கவில்லை. கடைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு கால்சட்டையின் கீழ் ஓரம் முழுவதையும் தைத்து முடித்த பிறகுதான் ஊசியில் நூலே இல்லை என்று பார்த்தேன்.

கடுகின் அம்மா


பிப்ரவரி 24

அன்புள்ள,

கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே 'பிரிந்து' என்று மாற்றி இன்று காலை அனுப்பிவிட்டேன். கவலைப்படாதே.

உன்னை எனக்குத் தெரியும். ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான், அதில் தையல் பிரிக்கவே முடியாது. அதனால் இந்தத் தடவை மாற வேண்டியவன் நான்தான் என்று, இரண்டாவது யோசனைக்கு இடம் கொடுக்காமல் மாற்றிவிட்டேன்.

முதல் தடவை ஏன் அப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். உதவி குறையும் என்று தெரியாமல் இல்லை. தபால் நிலைய மேஜையில் நின்றுகொண்டு 'பிரிந்து' கட்டத்தில்தான் குறி போடப் போனேன். கை ஓடவில்லை. பின்னால் நின்ற பெண், "சீக்கிரம் ஆகட்டும்ங்க, எனக்கும் எழுதணும்" என்றாள். அவசரத்தில் கை அதுபாட்டுக்கு மற்ற கட்டத்துக்குப் போய் அழுத்திவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று போடவில்லை. கம்பெனியில் வீட்டு முகவரி கேட்டால் இன்றைக்கும் நம் தெருவைத்தான் சொல்கிறேன். இங்கே இருப்பது தங்குகிற இடம். வீடு என்று எனக்கு இருப்பது ஒன்றுதான். அதில் எனக்கு இடம் இருக்கிறதா என்பது வேறு பேச்சு.

லிஃப்ட் வேலையில் ஒன்று கவனித்திருக்கிறேன். சாயங்காலம் சோதனைக்காக ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திக் கதவைத் திறந்து பார்ப்பேன். மாடிக்கு மாடி யாராவது நிற்பார்கள். கதவு திறக்கும்போது முகம் மலரும். உள்ளே நான் ஸ்பேனரோடு நிற்பதைப் பார்த்ததும் வாடிவிடும். அவர்கள் எதிர்பார்த்தது வேறு ஆளை. எனக்கு வருத்தமில்லை. ஆனால் எந்த மாடியிலாவது, நான்தான் என்று தெரிந்தே ஒரு முகம் மலராதா என்று இருக்கிறது.

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நீ இல்லாமல் எனக்குப் பொழுது போக மாட்டேன் என்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சம்பளம் வருகிறது. ஆனாலும் எதையும் யாரிடமும் சொல்ல முடியாமல் எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. அன்றைக்கு அலாரம் அடித்த அந்தப் பெரியவர் கதையை உன்னிடம் நேரில் சொல்லியிருந்தால் நீ எந்த இடத்தில் சிரித்திருப்பாய் என்றுகூட எனக்குத் தெரியும்.

கடுகின் அப்பா


பிப்ரவரி 24

கடுகின் அப்பாவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. தேதி நெருங்கிக்கொண்டே வருகிறது. உங்களை எனக்குத் தெரியாதா? 'மாற்றுங்கள்' என்று நான் சொன்னால் அன்றோடு அந்தத் தாளைத் தொடமாட்டீர்கள். இரண்டு பேரும் விறைப்பாக நின்றால் குழந்தையின் இடம் போய்விடும். யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும். சரி, தொலைகிறது என்று என் பதிலையே மாற்றிவிட்டேன். 'சேர்ந்து' என்று போட்டு இன்று அனுப்பியாயிற்று. இனி நீங்கள் எதையும் தொடாதீர்கள். உதவி குறைந்தால் குறையட்டும், இடம் இருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

குறி போட மனம் வராது என்று நினைத்தேன். வந்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கடுகு இப்போதே எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று அலமாரியைக் கலைத்துப் போட்டிருக்கிறாள். அவளும் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சுவரும்தான். நேற்று சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்கும்போது மூன்றாக வைத்துவிட்டேன். "யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டாள். "யாரும் வரலை, கழுவ எடுத்தேன்" என்று சொல்லி, கழுவி வைத்திருந்த தட்டை மறுபடி கழுவினேன்.

கடையில் இப்போது இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். அதில் ஒருத்தி கண்கொத்திப் பாம்பு. "அக்கா, தெருவுல யாராவது பெட்டி இழுத்துட்டுப் போனா உங்க கால் தானா நின்னுடுது, கவனிச்சிருக்கீங்களா?" என்றாள். "வேலையைப் பாருடி" என்றேன். அப்புறம் கவனித்தேன். உண்மைதான், நின்றுவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு நீங்களாக ஒன்றும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்.

கடுகின் அம்மா


மார்ச் 15

அன்புள்ள,

நம் இருவர் கடிதங்களும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையதைப் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். நினைத்த மாதிரியே ஆகிவிட்டது. இன்று உதவி அலுவலகத்துப் பெண்மணி எனக்கே போன் செய்துவிட்டார்.

"சார், போன தடவை உங்க வீட்டம்மா பிரிஞ்சிருக்கோம்னாங்க, நீங்க சேந்திருக்கோம்னீங்க. இந்தத் தடவை அவங்க சேந்திருக்கோம்ங்கறாங்க, நீங்க பிரிஞ்சிருக்கோம்ங்கறீங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

"எழுதிக்குவோம்மா" என்றேன்.

பாவம், சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இருந்திருப்பார். "இனிமே தனித்தனித் தாள் கிடையாது. ஒரே தாள், ஒரே கேள்வி, அடியில ரெண்டு கையெழுத்து. உங்க வீட்டுக்கு அனுப்பறேன். இந்த மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா பொண்ணோட இடத்தை நான் பிடிச்சு வைக்க முடியாது சார்" என்றார்.

குடும்பம் நடத்திய காலத்தில் ஜன்னல் திறப்பதா மூடுவதா என்பதில்கூட விட்டுக்கொடுத்ததில்லை. இப்போது ஒரே நாளில் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துத் தொலைத்திருக்கிறோம். வேறு யாருக்காவது இப்படி நடக்குமா, சொல்!

இந்தத் தடவை இரண்டு பக்கங்களின் நகலும் எனக்கு வந்தது. உன் பக்கத்தை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வரிக் கணக்கை நான் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் உன் தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று எழுதிக் கடந்துபோவேன். உன்னைக் கேட்டதுகூட இல்லை. இப்போது உன் கையெழுத்தில் 'தையல் கடை உரிமையாளர்' என்று இருக்கிறது. அந்த வரியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு டீச்சர் முன்னால் நான் சொன்னது தப்பு. கம்பெனி மூடிய ஆத்திரத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல், எதை நீ ஆசையாக வைத்திருந்தாயோ அதன்மேல் இறக்கினேன். இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் புதிதாகக் கட்டியிருக்கிற மருத்துவமனையின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் ஒப்பந்தம் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்கி வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும். மேலாளர் எல்லோரையும் நிற்கவைத்து, "யார் போறீங்க?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். பாதி தூக்கும்போதே உன் முகம் ஞாபகம் வந்தது. அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டேன். அது நடந்து சில மாதமாகிறது. இன்னும் அந்த வேலைக்கு ஆள் போடவில்லை.

தாள் வந்தால் 'பிரிந்து' என்று போட்டு எனக்கு அனுப்பு. கடுகுக்கு அதுதான் லாபம். நீ என்ன போட்டாலும் அதன் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

நீ போ என்றாய், நான் வந்துவிட்டேன். வா என்று நீ சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். 

வரட்டுமா?


மார்ச் 21

என்னங்க,

தாள் வந்துவிட்டது. ஒரே கேள்வி, இரண்டு கட்டம், அடியில் இரண்டு கோடு. அதைக் கடைக்கு எடுத்துப்போய் வெட்டுமேஜைமேல் விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தேன். நாள் முழுக்க அங்கேயே கிடந்தது. வந்தவர்களுக்கு அளவு எடுத்தேன், ஜிப் மாற்றினேன், ஒருவர் கால்சட்டையில் ஒரு காலை மட்டும் சின்னதாக வெட்டிவிட்டுத் திட்டு வாங்கினேன். கடை மூடும் நேரத்தில் கத்தரிக்கோலை எடுத்துவிட்டு, 'சேர்ந்து' என்ற கட்டத்தில் குறி போட்டு என் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். 

உதவி அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். இரண்டு வருமானத்தையும் கூட்டினால் முழு உதவி கிடைக்காது. ஆனால் பெரும்பகுதி கிடைக்கும், இடமும் உறுதி. மிச்சத்துக்கு வழி இருக்கிறது. ஒரு பள்ளியின் சீருடை முழுவதும் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது. நீங்கள் அங்கே அறைக்குக் கொடுக்கிற வாடகை மிச்சமாகும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று கடுகும் சொல்கிறாள். சமாளிக்க முடியாதது இல்லை. லாபம் எது என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம், நானும் கடை நடத்துகிறவள்தான்.

கடுகு தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது பொய்யில்லையா? மாட்டினா என் சீட்டே போயிடும்."

"என்ன போட்டிருக்கு, படி."

"கையெழுத்திடும் நாளில் உள்ளபடி."

"உங்கப்பா இன்னும் கையெழுத்துப் போடலையே. போடறதுக்கு இங்கதானே வரணும்."

அவள் உள்ளே போனாள். தன் அலமாரியில் காலி செய்த ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா சட்டைக்கு" என்றாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி, சத்தமாக அழுதாள். நாலு வருஷமாக அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தாளைத் தபாலில் உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. அனுப்பி, நீங்கள் போட்டு, அங்கே போய்ச் சேர நாள் போதாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெட்டுமேஜைமேல்தான் இருக்கும். மாதம் முடிவதற்குள் நீங்கள் வந்து நின்று கையெழுத்துப் போட்டால் நான் எழுதியது உண்மை. வராவிட்டால் பொய். எதுவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நாளைக்கே மேலாளரிடம் போய்க் கையைத் தூக்குங்கள். தலையைச் சொறியாதீர்கள்.

டீச்சர் முன்னால் சொன்னதை மன்னித்தேனா என்றால், பாதி மன்னித்திருக்கிறேன். மீதியை நேரில் நன்றாகத் திட்டிவிட்டு மன்னிக்கிறேன். அன்றைக்கு நான் சொன்னதும் அழகாக இல்லை. அந்த மருந்து டப்பாவை மறக்காமல் எடுத்து வாருங்கள். நீலச் சட்டையையும். இது பொத்தான் தைக்கிற கடைதானே!

என்ன பஸ், எத்தனை மணிக்கு என்றெல்லாம் எழுத வேண்டாம். அந்தச் சின்னப் பையோடு மட்டும் வந்துவிடாதீர்கள், அதைப் பார்த்தால் எனக்கு ஆகாது. சக்கரம் உடைந்த பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வாருங்கள். தெருமுனையில் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும்.

நான்தான்